அம்மா போட்ட முடிச்சு

வாசலில் தொங்கவிடும் கிறிஸ்துமஸ் மாலைக்காக அம்மா காய்ந்த ஆரஞ்சு வில்லையையும் ஒரு பட்டைத் துண்டையும் சேர்த்துப் பிடித்தார். மல்லிகைச் சரம் தொடுப்பது போலவே நூலைச் சுற்றி ஒரு இழு.

நின்றுவிட்டது.

நான் ஊசியில் கோத்தவை நேற்றிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தன.

வில்லை அரை சென்டிமீட்டர் தடிமன் போதும். துணியால் ஈரத்தை ஒற்றி, ஓவனில் 100 டிகிரியில் 3 மணி நேரத்துக்கு மேல், நடுவில் திருப்பிப் போட்டு. சிங்கப்பூரின் டிசம்பர் மழையில் அப்படியும் நமுத்துப்போகும். சரி, மறுபடி கொஞ்ச நேரம் ஓவனில் வைத்தால் ஆயிற்று.

பச்சைக்கு பாண்டான் இலை. அம்மாவின் யோசனை, வீடே மணக்கிறது!

ஓஃபிர் ரோட்டில் 1888இல் கட்டிய லூர்து மாதா கோயிலில், சின்ன வயதில் மாதாவுக்குப் பூக்கட்டிப் பழகிய கை அது. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை. பூவுக்கு மட்டுமான வேலை என்று நினைத்திருந்தேன்.

இன்று என் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். ஏழாவது முடிச்சு அவிழவில்லை.

ஆரஞ்சு மாலை இப்போது வாசல் கேட்டில் தொங்குகிறது. மீதி நூலை அம்மா பொங்கலுக்கென்று சுற்றி வைத்துவிட்டார்.