அம்மாவின் தொலைபேசிக்கு வந்த செய்தி

இன்று காலை கல்லடியில், மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, "இதில என்ன மகன் எழுதிக் கிடக்கு?" என்று தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அரச அலுவலகமொன்று அனுப்பிய அந்தக் குறுஞ்செய்தி முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அடையாள அட்டைப் பிரதியுடன் வெள்ளிக்கிழமைக்கு முன் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை, சிங்களம் தெரிந்த நண்பரொருவர் வாசித்துச் சொன்ன பின்னரே அறிந்தோம்.

இலங்கையில், 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கணினிகளும் தொலைபேசிகளும் பல மொழி எழுத்துகளைக் கையாள உதவும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட்டின், 1991 இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றுவிட்டன. அம்மாவின் மலிவான அன்ட்ரொயிட் தொலைபேசியும் தமிழைத் தெளிவாகவே காட்டுகிறது. ஆகவே தொழில்நுட்பத்தின்மீது பழிபோட இடமில்லை. தன் பெயருக்கு வந்த செய்தியை வாசிக்க அம்மா பிறர் கையை எதிர்பார்த்து நின்றது எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது. தமிழில் அனுப்பும்படி கேட்டு அந்த அலுவலகத்துக்கு இன்றிரவே கடிதம் எழுதுகிறேன்.