விருந்தின் உயிர் நான்தான்

“அக்கா, எதைப் போட்டா உங்களுக்கு நல்லது?”

எம்.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடம், ப்ராஜெக்ட்டுக்கு டேட்டா சேர்க்க லேடீஸ் ஹாஸ்டல் மெஸ் வாசலில் கேள்வித்தாள் கட்டோடு நான் நின்றபோது ஒரு ஃபர்ஸ்ட் இயர் பெண் கேட்டது. கிண்டல் இல்லை, உதவி செய்கிற மனதோடுதான் கேட்டாள். உண்மையைப் போடும்மா என்றேன். சரிக்கா என்று சொல்லிவிட்டு ஐம்பது வரிக்கும் நடுக்கட்டத்தில், அதாவது மூன்றில், மேலிருந்து கீழே ஒரே மூச்சில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டுத் தட்டை எடுக்கப் போய்விட்டாள். அன்றைக்குப் பூரி. அவளைக் குறை சொல்ல முடியாது.

நான் வைத்திருந்தது அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பெர்க் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்த ஐ.பி.ஐ.பி. என்ற ஆளுமைக் கேள்வித் தொகுப்பின் 50 வரிப் பட்டியல். ஒவ்வொரு வரியும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 5 வரை டிக் அடிக்க வேண்டும். பிக் ஃபைவ் என்பார்களே, கலகலப்பு, இணக்கம், பொறுப்பு, மனநிலை நிதானம், புதியதில் நாட்டம் என்று ஐந்து குணங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 வரி. வேலையை உடனே முடிப்பேன் என்று ஒரு வரி இருந்தால், பொருட்களைக் கண்ட இடத்தில் போடுவேன் என்று இன்னொன்று தலைகீழாக இருக்கும். தலைகீழ் வரிக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 5 போட்டால் 1, 4 போட்டால் 2. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 5 போடுகிறவரை இது ஓரளவு காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் 3ஐத் திருப்பினாலும் 3தான். அந்தப் பூரிப் பெண்ணுக்கு ஐந்து குணத்திலும் சரியாக 30, 30, 30. அவ்வளவு சமநிலையான மனுஷியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் பட்டியலின் முதல் வரியையே தமிழில் நேராகப் போட்டால் ‘விருந்தின் உயிர் நான்தான்’ என்று வரும். நான் அப்படித்தான் போட்டேன். கல்யாண விருந்தா அக்கா, சமைக்கிறவங்களா என்று ஒருத்தி கேட்டாள். அப்புறம் கைடு மேடத்தோடு உட்கார்ந்து ‘நாலு பேர் கூடும் இடத்தில் கலகலப்புக்கு நான்தான் காரணம்’ என்று மாற்றினோம். இப்போது புரிந்தது, ஆனால் இது அந்தப் பழைய வரிதானா? பார்ட்டியில் நடுநாயகமாக நிற்பது அங்கே பெருமை. இங்கே ஒரு பெண் அந்த வரிக்கு 5 போட, பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வரி: ‘பிறரை அவமதித்துப் பேசுவேன்’. கிட்டத்தட்ட எல்லோரும் 1. ஒருத்தி 1 போடும்போது பின்னால் நின்ற அவள் ரூம்மேட் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் போட என் எக்ஸெல் தாளில் இடம் இல்லை.

நாம் நம்மைப் பற்றிச் சொல்வதும் சரி, நம்மைப் பற்றி யாராவது சொன்னால் ஆமாம் என்பதும் சரி, எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 1948லேயே ஒரு சோதனை நடந்தது. அதுவும் கல்லூரி வகுப்பில்தான். பெர்ட்ரம் ஃபோரர் என்பவர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு குணச்சித்திரத் தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 5 வரை போடச் சொன்னார். சராசரி 4.3 பக்கம் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள், அதுவும் பெரும்பாலும் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. மற்றவர்களுக்கு உங்களைப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பீர்கள், ஆனால் உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்வீர்கள் என்கிற ரகம். எங்கள் வகுப்பிலும் ஒரு மேடம் இதைச் செய்து காட்டினார். நான் 5 போட்டேன். இத்தனைக்கும் ராசிபலனை நம்பாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

சரி, ஏன் எப்போதும் கல்லூரிப் பிள்ளைகளே? கையில் கிடைப்பார்கள், காசு கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் காரணம். ஜெஃப்ரி ஆர்னெட் என்பவர் 2008ல் ஒரு பெரிய ஆளுமை மற்றும் சமூக உளவியல் இதழை எடுத்து எண்ணிப் பார்த்தார். அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் 67 சதவீதம் சைக்காலஜி படிக்கும் இளநிலை மாணவர்களை மட்டுமே வைத்துச் செய்தவை. மற்ற நாடுகளில் அது 80 சதவீதம். கல்லூரியை விட்டு வெளியே போய்க் கேட்டால்? பொலிவியாவின் சிமானே மக்கள், காட்டோரம் பயிரிட்டும் வேட்டையாடியும் வாழ்கிறவர்கள், அவர்களில் 632 பேரிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு 2013ல் வந்தது. அங்கே ஐந்து குணங்கள் ஐந்தாகப் பிரியவே இல்லை.

எனக்குப் பிடித்தவை கேட்பதை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்த ஆராய்ச்சிகள். சாம் காஸ்லிங் குழு 2002ல் மாணவர்கள் தங்கியிருந்த அறைகளுக்கு, மொத்தம் 83, முன்பின் தெரியாதவர்களை அனுப்பியது. ஃபோட்டோவையும் பெயரையும் மறைத்துவிட்டு, இங்கே வசிப்பவர் எப்படிப்பட்டவர் என்று ஊகிக்கச் சொன்னது. புதியதில் நாட்டம் உள்ளவரா என்பதைப் புத்தகத்தையும் சுவரையும் பார்த்தே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். இணக்கமானவரா என்பதில்தான் சறுக்கல். இதைப் படித்ததும் நாமும் செய்யலாமே என்று துள்ளினேன், அப்புறம் எங்கள் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. ஒரு ரூமில் நாலு பேர், ஒரே கொடியில் எல்லார் துணியும். யாருடைய ஆளுமை என்று கொடியிடமா கேட்பது?

மத்தியாஸ் மேல் என்ற உளவியலாளரின் முறை இன்னும் விவகாரமானது. மாணவர்கள் ஒரு சின்ன ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு திரிவார்கள், அது பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி பதிவு செய்யும். எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. இப்படி 396 மாணவ மாணவிகளிடம் சேர்த்ததை வைத்து 2007ல் ஒரு கணக்கு வந்தது: பெண்கள் நாளுக்கு ஏறக்குறைய 16,200 சொல், ஆண்கள் 15,700. சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. பெண்கள்தான் வாயாடி என்கிற எங்கள் பெரியப்பாவுக்கு இதை ஒரு தடவை சொன்னேன். அவர் அதற்கு மட்டும் ஐந்நூறு சொல்லாவது பேசியிருப்பார்.

கேள்வித்தாள் சுத்தமாக வீண் என்றும் சொல்ல மாட்டேன். 70,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டி 2009ல் ஆர்தர் பொரொபாட் பார்த்ததில், பொறுப்பு என்கிற அந்த ஒரு குணத்துக்கும் பரீட்சை மார்க்குக்கும் உள்ள தொடர்பு 0.2க்குச் சற்று மேல் வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). மார்க் வித்தியாசத்தில் இருபதில் ஒரு பங்கைத்தான் அது விளக்கும், ஆனாலும் நிஜமான தொடர்பு. அதற்கு அடுத்த வருடம் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு சொன்னதுதான் என்னைக் குத்தியது: மார்க்கை முன்கூட்டிச் சொல்ல, ஒருவர் தன்னைப் பற்றிப் போடுவதைவிட அவரைத் தெரிந்த அடுத்தவர் போடுவது நன்றாக உதவுகிறதாம்.

குத்தியதற்குக் காரணம் இருக்கிறது. என் கேள்வித்தாள் கட்டுக்குள் இருந்த ஒரு தாள் நன்றாக நினைவிருக்கிறது. ‘எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க மறந்துவிடுவேன்’ என்ற வரிக்கு டிக் எதுவும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ‘ரூம்மேட்டைக் கேளுங்க அக்கா’ என்று எழுதியிருந்தது. கீழே ரூம் நம்பர் வேறு. நான் போய்க் கேட்கவில்லை, அந்தக் கட்டத்தை மிஸ்ஸிங் டேட்டா என்று போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.