மாத்திரை முடிந்த பிறகு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். தொழுநோய் என்று உறுதியானபோது வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் ஏற்கெனவே மடங்கத் தொடங்கியிருந்தன. முழங்கை ஓரமாக ஓடும் நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். இடது பாதத்திலும் உணர்ச்சி இல்லை.

ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் மூன்றும் சேர்ந்த மருந்து 12 மாதம். குளோஃபாசிமின் தோலைக் கறுக்கச் செய்யும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பேசிக்கொண்டார்கள். உண்மையில் மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. நடுவில் ஒருமுறை நரம்பு வீங்கிக் கடுமையாக வலித்தது. உடனே போனதால் வீக்கத்தை அடக்கும் பிரெட்னிசோலோன் மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். மாத்திரை முடிந்த பிறகும் இந்த வலி வரலாம். வந்தால் அன்றே கிளினிக் போய்விடுங்கள், அடுத்த சம்பள நாள் வரை பொறுக்காதீர்கள்.

கிருமி செத்தாலும் மரத்த கை மரத்ததுதான். இதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. தினமும் கையையும் காலையும் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பை மெதுவாகத் தேய்த்து எடுத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுகிறேன். மடங்கிய விரல்களைத் தொடைமேல் வைத்து நீவிவிடுகிறேன். சூடான கோப்பையை வெறும் கையால் பிடிப்பதில்லை. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் போடுவதில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) முள் ஏறினால் எனக்குத் தெரியாது, புண் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். இரவில் பாதத்தை மனைவி விளக்கு வைத்துப் பார்க்கிறாள்.

பிறகு அறுவை சிகிச்சை. நல்ல விரலின் தசைநார் ஒன்றை மாற்றிக் கட்டி மடங்கிய விரலை நிமிர்த்துகிறார்கள். 1940களின் இறுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யத் தொடங்கிய வழி இது. மாவுக்கட்டு பிரித்த பிறகு பழைய வேலையை மறந்து அந்தத் தசை புது வேலை கற்க வேண்டும். பயிற்சியை விட்டுவிட்டால் அறுவை வீண். உணர்ச்சி மட்டும் திரும்பாது.

மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போன இடத்தில், “நோய்தான் குணமாகிவிட்டதே, அட்டை எதற்கு?” என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. சட்டம் பார்ப்பது நோயை அல்ல, நீண்டகாலக் குறைபாட்டை. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. விரல்களின் பலவீனம், மரத்த பாதம், இரண்டும் நிரந்தரம் என்று டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்கிக்கொண்டு மறுபடியும் போனேன். அட்டை கிடைத்தது. அதை வைத்து, வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைக்கு மனு செய்தேன். எனக்கு மாதம் 450 வெள்ளி (ரிங்கிட்) வந்தது.

இதையெல்லாம் விடக் கடினமானது லயத்து மனிதர்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 1926இல் வந்த சட்டம் நோயாளிகளைப் பிடித்துத் தனியே வைத்தது. 1930 முதல் கோலாலம்பூர் பக்கத்துச் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புதான் அந்த இடமாக இருந்தது. எங்கள் அத்தை சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்காரரை அங்கே கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தவர். “உன்னையும் கொண்டுபோயிடுவாங்களாடா?” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

என் வீட்டாரைப் பரிசோதிக்கச் சுகாதார இலாகா ஆட்கள் வந்தபோது அத்தை முதல் ஆளாக முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெண்கள் பிள்ளைகளின் தேமலைக் காட்டக் கூட்டி வந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. அப்புறம்தான் விருந்துகளில் எனக்கும் மற்றவர்களோடு இலை போட்டார்கள்.

பால் வெட்டும் கத்தியை மறுபடி பிடிக்க முடியவில்லை. டாக்டர் கடிதத்தோடு மேனேஜரைப் பார்த்து, செம்பனை நாற்று வளர்க்கும் இடத்தில் வேலை கேட்டேன். என்னென்ன செய்ய முடியும், எதைத் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொடுத்தார். மண் பை நிரப்பும்போது தடித்த கையுறை போடுகிறேன். உரமும் மருந்தும் கலப்பதைக் கூட்டாளி பார்த்துக்கொள்கிறான். நாற்றுக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு.