மெதுவாக ஊதுங்கள்

நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் ஆட்களை ஊத வைப்பதுதான் என் வேலை. எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று பார்க்கும் ஸ்பைரோமெட்ரி என்றால் "வேகமா, இன்னும், இன்னும்" என்று நானும் சேர்ந்து கத்துவேன். ஃபீனோ (FeNO) என்ற இன்னொரு மூச்சுப் பரிசோதனை அப்படியில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, நொடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற ஒரே சீரில் 10 நொடி விட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு 6 நொடி போதும். வேகம் மாறினால் அளவும் மாறிவிடும். பலமாக ஊதினபிறகு எடுத்தாலும் குறைத்துக் காட்டும் என்பதால், ஸ்பைரோமெட்ரிக்கு முன்பே இதை முடித்துவிடுவேன்.

மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத்தான் ஃபீனோ கருவி அளக்கிறது, நூறு கோடியில் எத்தனை பங்கு என்று. ஒவ்வாமை வகை அழற்சி இருந்தால் மூச்சுக்குழாயின் உள்தோல் இந்த வாயுவை அதிகமாகச் சுரக்கும். பெரியவர்களுக்கு 25-க்குக் கீழே இருந்தால் அந்த அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு. 50-ஐத் தாண்டினால் அதிகம். இடைப்பட்ட எண்ணை மற்ற விவரங்களோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கீரையும் பீட்ரூட்டும் அளவை ஏற்றும், புகைப்பழக்கம் இறக்கும். அதனால் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்காமல் குழாயைக் கையில் கொடுப்பதில்லை. பல வருடம் பீடி பிடித்து நாலு படி ஏறவே திணறும் பெரியவருக்கு 12 என்று வரும். அதை வைத்து நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இந்தப் பரிசோதனையின் அருமை எனக்குத் தெரிவது, இந்த அழற்சியைக் குறைக்கும் ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம்தான். "வீசிங்கே இல்ல சார், இன்ஹேலர் பழக்கமாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க, அதான் நிறுத்திட்டேன்" என்றார் ஓர் அம்மா. பையன் ஓடியாடிக்கொண்டுதான் இருந்தான். ஸ்பைரோமெட்ரியும் சரியாகவே வந்தது. ஃபீனோ மட்டும் 60-ஐத் தாண்டியது; பிள்ளைகளுக்கு 35-க்கு மேலேயே அதிகம்தான். டாக்டர் திரும்பவும் இன்ஹேலரை ஆரம்பித்தார். அடுத்த முறை எண் பாதிக்கும் கீழே வந்திருந்தது. அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ இனிமே நிறுத்திடலாமா சார்?"

"மருந்து போகிறதாலதான்மா இறங்கியிருக்கு. குறைக்கலாமா வேண்டாமான்னு டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்றேன். பழைய அறிக்கையையும் புதியதையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.