கதைச் சுருக்கம் வேண்டாம்: நூலகப் பாடவேளைக் குறிப்புகள்

ஜூலை 5, 2024

ஏழாம் வகுப்பின் வாசிப்பு நோட்டுகளைத் திருத்தினேன். நூலின் பெயர், ஆசிரியர், கதைச் சுருக்கம், கதை உணர்த்தும் நீதி. எல்லா நோட்டிலும் அதே தலைப்புகள், ஸ்கேல் வைத்து அடிக்கோடு. ஆளுக்கொரு புத்தகம் எடுத்திருந்தாலும் பாதிப் பேருக்கு நீதி ஒன்றுதான்: ஒற்றுமையே பலம். ஒருத்தி படித்தது, தன்னந்தனியாகக் காட்டுக்குள் போய்த் தேன் எடுத்து வரும் சிறுமியின் கதை. அதில் ஒற்றுமையாக இருக்க இன்னொரு ஆளே கிடையாது!

சுருக்கம் பின்னட்டையிலேயே இருக்கிறது. உள்ளே புரட்டாமலே எழுதிவிடலாம்.

அடுத்த வாரத்திலிருந்து இந்த நோட்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன். படித்ததை வைத்து என்ன செய்வது என்பது அவரவர் இஷ்டம். ஒரே நிபந்தனை: புத்தகத்தைத் திரும்பத் திறக்காமல் முடித்துவிடக்கூடிய வேலையாக இருக்கக் கூடாது.

ஜூலை 12

"படம் வரையலாமா டீச்சர்?" எதிர்பார்த்த கேள்விதான். வரைந்தார்கள். முக்கால்வாசி அட்டைப்படத்தைப் பார்த்து வரைந்தவை. கதைச் சுருக்கத்துக்குத் தம்பி இது, கலர் பென்சில் செலவு மட்டும் கூடுதல்.

விதியைக் கொஞ்சம் மாற்றினேன். ஓவியர் வரையாமல் விட்ட காட்சியைத்தான் வரைய வேண்டும். உடனே கேள்விகள் கிளம்பின. அப்போது ராத்திரியா? தாத்தா கையில் குடை இருந்ததா? பதில் என்னிடம் இல்லை, புத்தகத்தில் பார் என்றேன். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

ஜூலை 19

இன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

எங்கள் ஊர்ச் சுவர்களில் திருமணம், காதணி விழா, இறப்பு எதற்கும் போஸ்டர்தான். கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன், தான் படித்த கதையில் செத்துப்போன ஆட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்து கொண்டுவந்தான். நடுவில் வட்டத்துக்குள் ஆட்டின் முகம், இரு பக்கமும் குத்துவிளக்கு. மேலே 'இமயம் சரிந்தது'. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

ஆனால் போஸ்டர் என்றால் தோற்றம், மறைவு போட வேண்டுமே. கதையில் தேதி எதுவும் இல்லை. பொங்கலுக்கு முதல் நாள் குட்டி பிறந்தது என்று ஓரிடத்திலும், ஐப்பசி அடைமழை என்று கடைசியிலும் வருகிறது. அதை வைத்து, பத்து மாதம்கூட நிறையாத ஆடு என்று கண்டுபிடித்திருக்கிறான். சொல்லும்போது குரல் மாறிவிட்டது. 'இமயம்' என்பதை அவனே அடித்துவிட்டு 'எங்கள் குட்டி' என்று எழுதினான்.

அடுத்த சிக்கல், 'இவண்' என்ற இடத்தில் யார் யார் பெயரைப் போடுவது? கறிக்கடைக்காரர் பெயர் வரலாமா? கூடாது என்று ஒரு கூட்டம் கத்தியது. "பதினொன்னாம் பக்கத்துல அவர்தான டீச்சர் அதுக்குத் தண்ணி வச்சாரு!" என்றாள் ஒருத்தி. மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. அந்தக் கதைக்கு நான் வினாத்தாள் எடுத்திருந்தால் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

இன்னொருத்தி கதைக் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு போட்டிருந்தாள். குடும்பத் தலைவர்: பாட்டி. அப்பா இருக்கும்போது எப்படி என்று பையன்கள் கேட்டதற்கு, "அவரு கதை முழுக்க ஊர்லயே இல்ல. ஆயிர ரூபாயும் பாட்டி பேர்லதான் வரணும்" என்றாள். மகளிர் உரிமைத் தொகை வரைக்கும் யோசித்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 2

எழுதுவதே பாரமாக இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்கள் 2023-லிருந்து வருகின்றன. எளிதிலிருந்து தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகள். ஏழாவது படிப்பவன் 'நட' புத்தகத்தை எடுக்கும்போது அட்டையைக் கையால் மறைத்துக்கொள்கிறான்.

அவனுக்காக யோசித்ததுதான் 'போன் பேசுதல்'. ஒரு புத்தகத்தின் ஆள் இன்னொரு புத்தகத்தின் ஆளுக்குப் போன் போட வேண்டும். இவனுடைய யானை, 'பற' புத்தகத்திலிருந்த தபால்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, எங்க காட்டுக்கு லெட்டர் வருமா?" என்றது. படிநிலை எங்கே போனதென்று தெரியவில்லை. தபால்காரருக்குத்தான் பதில் வரவில்லை, தபால்காரராகப் பேச வேண்டிய பையன் புத்தகத்தைப் பாதியோடு நிறுத்தியிருக்கிறான்!

ஆகஸ்ட் 12

நூலகர் தினம். இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதனின் நினைவாகக் கொண்டாடுவது. அவர் பக்கத்துச் சீர்காழிக்காரர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆகும் முன் கணக்கு ஆசிரியர் என்று சொன்னதும் கணக்கு டீச்சருக்குப் பெருமை. நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் புத்தகமாக வந்தன. மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். பிள்ளைகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படித்து முடித்தவர், பஸ் டிக்கெட் அளவுச் சீட்டில் 'இது யாருக்கு?' என்று எழுதி உள்ளே வைக்க வேண்டும். 'நல்ல புத்தகம்' என்று எழுதினால் செல்லாது.

சில சீட்டுகள்: 'தம்பியோட சண்டை போட்டவங்களுக்கு.' 'இருட்டுன்னா பயம் இருந்தா வேண்டாம்.' 'முதல் நாலு பக்கம் போர், பொறுத்துக்கோ.'

வருஷக்கணக்கில் யாரும் தொடாத இரண்டு புத்தகங்கள் இன்று வீட்டுக்குப் போயின.

ஆகஸ்ட் 23

பார்வைக்கு வந்த ஒருவர் வாசிப்புப் பதிவேடு கேட்டார். அலமாரியைத் திறந்து சீட்டுகளைக் காட்டினேன். இதற்கு எப்படி மதிப்பெண் போடுவீர்கள் என்றார். போடுவதில்லை என்றேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை.

போஸ்டர் மோகம் கொஞ்சம் எல்லை மீறுகிறது. சார்ட் வெட்டுவதிலேயே பாடவேளை போய்விடுகிறது. ஆகவே முதல் பாதி படிக்க மட்டும், கத்தரிக்கோலும் பசையும் அலமாரிக்குள். ஒரு சிறுமி வாரம் ஒரு புத்தகம் படிக்கிறாள், எதுவும் செய்து காட்டுவதில்லை. சீட்டுகூட எழுதுவதில்லை. படித்ததைப் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கப் போய்விடுகிறாள். அவளை நான் கேட்பதில்லை.

இப்போது பட்டிமன்றம் ஓடுகிறது: தேன் எடுக்கப் போன சிறுமி செய்தது துணிச்சலா, அசட்டுத்தனமா? பக்க எண் சொல்லாமல் பேசினால் நடுவர் உட்காரச் சொல்லிவிடுவாள். காலாண்டுத் தேர்வு வருகிறதென்று கணக்கு டீச்சர் இந்தப் பாடவேளையைக் கேட்டார். அசட்டுத்தனம் அணி இன்னும் பேசவில்லை, தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.