ஆன் சாவேஜ்: அரை மணி நேர வேடமும் ஒரு நடிகையும்

1930களிலும் 40களிலும் அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்கள் காட்டுவது வழக்கம். பெரிய படத்துக்குத் துணையாக ஓடிய 'பி' படம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி முடிந்துவிடும். அதற்கு வசூலில் பங்கு கிடையாது, நிலையான வாடகை மட்டுமே என்பதால், எவ்வளவு குறைந்த செலவில் எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பதில்தான் லாபமே இருந்தது. அந்த வேகத்துக்குள் சிக்கிய நடிகைகளில் நான் மிகவும் மதிக்கும் ஒருவர் ஆன் சாவேஜ்.

1921-ல் தென் கரோலினாவில் பிறந்த அவரைக் கொலம்பியா பிக்சர்ஸ் ஒப்பந்த நடிகையாக எடுத்துக்கொண்டது. 1943 என்ற ஒரே ஆண்டில் பாஸ்டன் பிளாக்கி, லோன் உல்ஃப் துப்பறியும் வரிசைப் படங்கள் உட்படப் பல படங்களில் அவர் தோன்றினார். எந்த வேடம் என்பதை ஸ்டுடியோதான் தீர்மானிக்கும். மறுக்கும் நடிகர்களைச் சம்பளமின்றி நிறுத்திவைக்கும் வழக்கமும் அன்று இருந்தது. அப்படங்களில் அவரை அழகாகக் காட்டினார்களே தவிர, நடிக்க விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாய்ப்பு, ஏழை ஸ்டுடியோக்களிலும் ஏழையான பி.ஆர்.சி. தயாரித்து எட்கர் உல்மர் இயக்கிய 'டீடூர்' (1945) படத்தில்தான் கிடைத்தது. ஏறக்குறைய பாதிப் படம் முடிந்த பிறகே, வழியில் காரில் ஏற்றிக்கொள்ளப்படும் வேராவாக அவர் வருகிறார். அழுக்குப் படிந்ததுபோல் தெரிவதற்காக அவர் தலைமுடியில் முகத்துக்குப் பூசும் பிசுபிசுப்பான கோல்டு கிரீமை (cold cream) தடவச் செய்தார் உல்மர். நட்சத்திரத்தின் முகத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த பெரிய ஸ்டுடியோ எதிலும் இது எளிதில் நடந்திருக்காது. முன்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருப்பவர் திடீரென்று கண்விழித்து, இறந்துபோன ஒருவனின் காரை ஓட்டிவரும் கதாநாயகன் டாம் நீல் பக்கம் திரும்பி, இந்தக் காரின் சொந்தக்காரனுடைய பிணத்தை எங்கே போட்டாய் என்று கேட்கும் அந்த நொடியில், காரும் கதையும் அவர் கைக்குப் போய்விடுகின்றன. அதன்பின் கொஞ்சமும் இரக்கம் தேடாமல், இருமலும் கோபமும் தனிமையுமாக அவர் நடித்திருப்பதைப் போன்ற துணிச்சலை அக்காலத்துப் பெரிய படங்களில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஆனாலும் பெரிய வேடங்கள் தேடி வரவில்லை. 1950களில் தொலைக்காட்சியில் சில காலம் நடித்துவிட்டுத் திரையுலகை விட்டு விலகினார். பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சட்ட நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்த்தார், விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். இதற்கிடையே தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பான 'டீடூர்' தனக்கான ரசிகர்களைத் தானே தேடிக்கொண்டது; 1992-ல், காத்துவைக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. 2007-ல் கனடிய இயக்குநர் கை மேடின் தம் 'மை வினிபெக்' படத்தில், மகனை விடாது அதட்டும் தாயாக நடிக்க அவரையே அழைத்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 25 அன்று, 87 வயதில் ஆன் சாவேஜ் காலமானார்.