கோன் செட், கொத்தனார் நூல், கேப்பர் மலை வளைவு

கடலூரில் வண்டி ஓட்டுகிறவனுக்கு நல்ல வளைவு கிடைப்பதே அபூர்வம். மஞ்சக்குப்பத்தில் கிளம்பி ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், தவளக்குப்பம் என்று பாண்டி வரை ரோடு பெரும்பாலும் நேராகவே போகும். பாண்டிக்குள் போனால் கட்டம் போட்ட தெருக்கள்; பிரேக் பிடித்து, செங்கோணத்தில் திரும்பி, மறுபடி நேர். அதனால் என் 150 சிசி வண்டிக்கு வளைவில் கோளாறு இருக்கிறது என்பதே 58,000 கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திருவந்திபுரம் கோயிலுக்குப் போனவன் அப்படியே கேப்பர் மலைப் பக்கம் ஏறினேன். ஒரு வலது வளைவில் வண்டி சாயவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. கொஞ்சம் அழுத்தினால் பொசுக்கென்று ஒரேயடியாகச் சாய்ந்தது. இடது வளைவில் அவ்வளவு மல்லுக்கட்டு இல்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நான் வாரத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அதே வளைவு, அதே 40 கிலோமீட்டர் வேகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது பலித்தது என்று எப்படித் தெரியும்?

முதல் வாரம் காற்று. செயின் கவர் ஸ்டிக்கரில் ஒற்றை ஆளுக்கு முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் வைத்துப் பார்த்தால் முன்னால் 17. பங்கில் ஓடிவந்த சூட்டோடு பிடித்துப் பழகியதும் ஒரு காரணம். சரி செய்ததும் ஹேண்டில் கனம் பாதி குறைந்தது. செலவு கேஜுக்கு மட்டும்தான்.

இரண்டாம் வாரம் நூல். வீட்டு மாடி கட்டும்போது கொத்தனார் விட்டுப்போன நூலைப் பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல முன் டயர் வரை இழுத்துக் கட்டினேன். முன் டயர் பின் டயரைவிட ஒல்லி, அதனால் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும். அது சமமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு பக்கம் விரல் நுழைந்தது, மறுபக்கம் நூல் டயரை உரசியது. பின் வீல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது! செயின் இறுக்கும்போதெல்லாம் பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் போட்டிருக்கும் கோடுகளை நம்பியிருந்தேன். நூலைப் பார்த்து அட்ஜஸ்டரைத் திருப்பியபின் வலதுக்கும் இடதுக்கும் இருந்த பேதம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அந்த முரண்டு மட்டும் போகவில்லை.

அது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, தம்பியைப் பின்னால் உட்காரவைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்பினேன். சரியாக நடுவில், நேராக ஓட்டும் இடத்தில், 'டொக்' என்று பள்ளத்தில் விழுந்தது. வண்டி தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்வதே ஹேண்டிலின் சின்னச் சின்ன அசைவால்தான். வலதுபக்கம் சாய வேண்டுமானால் வலது கையால் ஹேண்டிலை முன்னால் லேசாகத் தள்ளுகிறோம். அந்த லேசான தள்ளலைத்தான் பள்ளம் விழுங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தை விட்டு ஏறியதும் பொசுக்.

கழற்றிப் பார்த்தபோது கீழ் ரேஸில், அதாவது பால்ஸ் உருளும் வளையத்தில், கிரீஸ் காபித்தூள் நிறத்தில் காய்ந்து கிடந்தது. மழைத் தண்ணீர் இறங்கிய துரு. துடைத்துவிட்டு நகத்தை ஓட்டினால் வரிசையாகக் குழிகள், பல்லாங்குழி மாதிரி. புது செட்டின் பால்ஸை கிரீஸில் பதித்து அடுக்கும்போது ஒன்று உருண்டு மாடிப்படிக்கடியில் போய்விட்டது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் துழாவி எடுத்தேன்.

அடுத்து நான் செய்தது வடிகட்டின முட்டாள்தனம். இனி ஆடவே கூடாது என்று நட்டை நன்றாக முறுக்கிவிட்டேன். மறுநாள் ஆபீஸ் போகும்போது, மெதுவான வேகத்தில், குடித்தவன் நடப்பது போல வண்டி இடதும் வலதுமாக அலைந்தது. திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஹேண்டிலைத் தொட்டதுமே சிரித்தார்.

"சார், கழுத்த நெரிச்சு வச்சிருக்கீங்க."

"லூசா இருந்தா ஆடுமேண்ணா?"

"ஃபோர்க்கைப் புடிச்சு முன்ன பின்ன இழுத்தா ஆடக் கூடாது. விரலால தட்டுனா ஹேண்டில் தானா ஒரு பக்கமா விழணும். ரெண்டும் இருக்கணும் சார்."

நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் தளர்த்தினார். காசு வாங்கவில்லை, டீயோடு சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை கேப்பர் மலையில் வண்டி வேறு வண்டியாக இருந்தது.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் ஆயிலும் மாற்றினேன். கருப்பாக, மீன் வாடையோடு வந்தது. பிரேக் பிடித்தால் மூக்கு அமுங்குவது குறைந்தது. வளைவில் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. பின் ஷாக் அப்சார்பரை ஐந்து படியில் முதல் படியிலிருந்து மூன்றாவதுக்கு ஏற்றியது மட்டும் உறைத்தது. என் 84 கிலோவுக்குப் பின்பக்கம் அமுங்கியே கிடந்திருக்கிறது. பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்ததும் ஃபோர்க் சற்று செங்குத்தாகிறது, வண்டி சீக்கிரம் திரும்புகிறது. நான்காவது படியையும் பார்த்தேன். குழியில் முதுகு பேசியது, இறக்கிவிட்டேன்.

கடைசியாகப் பின் டயர். நேர் ரோட்டிலேயே ஓடி நடுப்பட்டை தட்டையாகி, ஓரத்தில் விளிம்பு மாதிரி நின்றது. சாயும்போது அந்த விளிம்பைத் தாண்ட வேண்டும். பொசுக்கில் இதற்கும் பங்கு உண்டு. போன மாதம் அதே அளவில் புதிது போட்டேன். வழுவழுப்புப் போகட்டும் என்று முதல் 100 கிலோமீட்டர் பாண்டி ரோட்டில் அடக்கமாக ஓட்டிவிட்டு, பிறகு மலைக்குப் போனேன்.

நேற்று கழுவும்போது டயரைப் பார்த்தேன். வலது ஓரம் கிட்டத்தட்ட விளிம்பு வரை தேய்ந்திருக்கிறது. இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் முடி அப்படியே நிற்கிறது. இடது வளைவில் நம் பக்கம்தான் உள்பக்கம். அங்கே செம்மண் சரளை வழிந்து கிடக்கும். அதைப் பார்த்ததும் என் கை தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறது.